எலும்புப் புற்றுக்கு மதுரையிலேயே வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எலும்பில் வரும் புற்றுக்கட்டியை அகற்ற இன்று 'நேவிகேஷன்' முறை கைகொடுக்கிறது. முன்பே எடுத்த சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைக் கணினி ஒன்றாக இணைக்கிறது. எலும்பிலும் அறுவைக் கருவியிலும் பொருத்திய குறிகளை அகச்சிவப்புக் கேமரா தொடர்ந்து கவனிக்கிறது. கருவியின் நுனி கட்டிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது திரையில் தெரிந்துவிடும். குறிப்பாக இடுப்பெலும்பில் இது பேருதவி. அங்கே குறைவாக வெட்டினால் புற்று மிஞ்சும். கூடுதலாக வெட்டினால் மூட்டோ நரம்போ போய்விடும்.

தேனி, சிவகங்கை, இராமநாதபுரம் என்று சுற்றியுள்ள மாவட்ட மக்கள் நம்பி வருவது மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத்தான். அங்கே எலும்புப் புற்று நோயாளிகளுக்கு இந்த வசதி முதல்வர் காப்பீட்டிலேயே கிடைக்க அரசு உறுதி செய்ய வேண்டும். கூலி வேலை பார்க்கும் குடும்பம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் வேலூருக்கும் எத்தனை முறை அலையும்?

கருவி மட்டும் போதாது. ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்று பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு, அதிலும் முழங்காலை ஒட்டியே வருகிறது. விளையாட்டில் பட்ட அடி என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிக் கட்டுப்போடும் வழக்கம் நம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து உருவாதீர்கள். இரவிலும் வலி விடவில்லை, வீக்கம் வற்றவில்லை என்றால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். கட்டியில் ஊசி போட்டுச் சிறிது சதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையைக்கூட (பயாப்சி) அறுவை செய்யப்போகும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். ஏனென்றால், பின்னர் அறுவையின்போது ஊசி போன தடத்தையும் கட்டியோடு சேர்த்து எடுக்க வேண்டிவரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, உசிலம்பட்டி