லாரி நின்றுவிட்டால் டூட்டி முடிந்துவிடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சேலம் பைபாஸ் ஓரம் நிறுத்தியிருந்த லாரிகளில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களைப் போலீசார் எச்சரித்ததாக உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியையும், அதைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். இவர்கள் லைசென்ஸை எல்லாம் பிடுங்கிவிட வேண்டும் என்கிறார் ஒருவர். வண்டி ஓடவில்லை, டூட்டியிலும் இல்லை, அலுப்புக்குக் கொஞ்சம் குடித்தால் உங்களுக்கு என்ன போச்சு என்று கேட்கிறார் இன்னொருவர். நான் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். நாள் முழுக்க டிரைவர்களோடுதான் பேச்சு. அந்த இரண்டு கடிதங்களிலுமே விட்டுப்போன ஒன்று இருக்கிறது. நிறுத்திய லாரிக்குள் படுத்திருக்கும் டிரைவருக்கு டூட்டி முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அதை முடிய விடாதவர்கள் நாங்கள்தான், அதாவது ஓனர், புக்கிங் ஆபீஸ், குடோன்காரர் எல்லோரும்.

ராத்திரி கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பக்கம் போய்ப் பாருங்கள். ஓரங்கட்டிய வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, சோற்றை வடித்து, குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒரு கட்டிங் போடுவார் டிரைவர். இதில் யாருக்கு என்ன ஆபத்து என்றுதான் தோன்றும். சாப்பிட்டுவிட்டுக் கேபினில் ஏறிப் படுத்த கொஞ்ச நேரத்தில் குடோன் வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டுவார். "டிரைவரே, பின்னாடி வண்டி வருது, கொஞ்சம் முன்னால எடுத்துப் போடுங்க." இல்லையென்றால் ரோந்து வரும் போலீஸ் லத்தியால் பாடியைத் தட்டி "இங்க நிக்கக் கூடாது, எடு எடு" என்பார். அதுவும் இல்லையென்றால் ஓனர் போன் போட்டு, லோடு ரெடியாகிவிட்டதாம், இப்பவே போய் லைனில் நில் என்பார். குடித்திருக்கிறேன், எடுக்க முடியாது என்று அந்த நேரத்தில் சொல்ல அவருக்கு வாய் வருமா? சொன்னால் அந்த வண்டியில் அதுதான் கடைசி டிரிப். அதனால் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு சாவியைத் திருப்புகிறார். பின்னால் நின்று பார்த்துச் சொல்லக் கிளீனரும் கிடையாது, இப்போது பெரும்பாலான வண்டிகளில் அந்த ஆளையே நிறுத்திவிட்டார்கள். இருட்டு, முழு லோடு, ரிவர்ஸ் கியர், பக்கத்து வண்டிக்கு அடியில் காற்றுக்காகப் பாய் விரித்துப் படுத்திருக்கும் இன்னொரு டிரைவர். பத்தடி தூரம்தானே என்று நினைக்காதீர்கள், ஒரு உயிர் போக அந்தப் பத்தடி போதும்.

வண்டியை நகர்த்தாவிட்டாலும் பிரச்சினை இருக்கிறது. போதையில் ஓரங்கட்டுகிறவர் பார்க்கிங் லைட் போட மறந்துவிடுகிறார், வண்டியின் பின்பாதி ரோட்டிலேயே நிற்கிறது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை விடியக்காலையில் எடுத்துப் போடாமலே கிளம்பிவிடுகிறார். அந்தக் கல் மேல் ஏறி விழுவது வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகிறவன்தான்.

சட்டத்தைக் கேட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு வண்டி ஓட்டுகிறவரையும் ஓட்ட முயற்சி செய்கிறவரையும்தான் பிடிக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இல்லை இரண்டும் சேர்த்தே. நிறுத்திய வண்டியில் தூங்குகிறவர் இதற்குள் வரமாட்டார் என்பதுதான் அந்த இரண்டாவது வாசகரின் பலம். சரி, விடிந்ததும் என்ன ஆகும் என்று அவர் யோசித்தாரா?

இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், டிரைவர்களே கேட்டு ஆச்சரியப்படும் கணக்கு இது. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. நம்ம ஊர் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். எழுபது கிலோ எடையுள்ள ஆளுக்கு அது ரத்தத்தில் 120 மில்லிகிராமைத் தாண்டும். ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராமைத்தான் கழிக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ராத்திரி பத்தரைக்குக் குடித்து முடித்தவர் காலை நாலு மணிக்கு, பல் விளக்கி, டீ குடித்து, தெளிவாக இருப்பதாக மனசார நம்பிக்கொண்டு வண்டியை எடுத்தாலும், அவர் ரத்தத்தில் சட்டம் சொல்லும் அளவுக்கு மேல்தான் இருக்கும். மோரும் எலுமிச்சை ஜூஸும் பச்சைத் தண்ணீர்க் குளியலும் இதை ஒரு நிமிஷம்கூட முந்த வைக்காது. அந்த நிலையில் அவர் போகப்போவது தொப்பூர் கணவாயாக இருக்கலாம். அடிவாரத்தில் ராத்திரி வண்டியைப் போட்டுவிட்டு விடியலில் ஏற்காடு ஏறுகிறவராக இருந்தால் 20 கொண்டை ஊசி வளைவு காத்திருக்கிறது. குடித்தது டூட்டி இல்லாத நேரத்தில்தான், ஆனால் போதை டூட்டிக்குள் வந்துவிடுகிறது.

குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்று எல்லா டிரைவரும் சொல்வார்கள். சங்ககிரிக்கார டிரைவர் ஒருவர், ஸ்டியரிங் பிடித்த பிறகு ஒரு சொட்டு தொடாதவர், வண்டியை நிறுத்திய ராத்திரிகளில் மட்டும் குடிப்பார். காரணம் கேட்டேன். "இன்ஜினை ஆஃப் பண்ணினாலும் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குதுங்க, ரெண்டு மடக்கு போட்டாத்தான் அது நிக்குது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அப்படி வரும் தூக்கம் பாதி ராத்திரிக்கு மேல் உடைந்து உடைந்துதான் வரும், எழும்போது அலுப்பு அப்படியே இருக்கும் என்பதையும் அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அவர் படுக்கிற இடத்தைப் பாருங்கள். மே மாதத்தில் சேலம் வெயிலில் நாள் முழுக்க நின்ற தகரக் கேபின், கொசு, கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் செல்போன் திருட்டு. டீசல் திருடுகிறவர்களுக்குப் பயந்து ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்க வேண்டும். லோடு இறக்க வந்த கம்பெனியின் கக்கூஸுக்குள் டிரைவரை விடமாட்டார்கள், ஒரு குடம் தண்ணீருக்குக்கூட வாட்ச்மேனிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் பெரிய லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று சட்டம் வந்திருப்பது நல்லதுதான், ஆனால் இப்போது ரோட்டில் ஓடும் பழைய வண்டிகளுக்கு அது பொருந்தாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ராத்திரி தங்க வேண்டிய இடங்களில் முதலாளி ஓய்வறை தர வேண்டும் என்றும் அதில் எழுதிவைத்தார்கள். எங்கள் ஆபீஸுக்கு வரும் எந்த டிரைவரும் அப்படி ஒரு ஓய்வறையில் படுத்ததாகச் சொல்லிக் கேட்டதில்லை.

கடையை மூடினால் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜாஜி 1937-ல் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான், அந்த வாதத்துக்கு இங்கே வயசு அதிகம், அதற்குள் நான் போகவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது, அடுத்த வருஷமே அது பலவிதமாகத் தளர்ந்தது. தளராமலே இருந்திருந்தாலும், வாங்கிக் கேபினில் வைத்துக்கொள்கிறவருக்கு 500 மீட்டர் ஒரு தூரமா?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. லோடு ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் டிரைவருக்கு நேரம் எழுதிக் கொடுங்கள். நாளைக் காலை பத்து மணிக்குத்தான் உங்கள் முறை, அதுவரை வண்டியைத் தொட வேண்டாம் என்று டோக்கனில் எழுதிவிட்டு, அந்த நேரத்துக்கு முன்னால் யாரும் தட்டி எழுப்பக் கூடாது. ராத்திரி வண்டியை நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்குக் குடிக்காத டிரைவர் ஒருவரைக் குடோன்காரரே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளட்டும், சாவி கேட்டில் இருக்கட்டும். குடித்திருக்கிறேன், இப்போது எடுக்க மாட்டேன் என்று நேர்மையாகச் சொல்கிற டிரைவரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று சேலம், சங்ககிரி, நாமக்கல் லாரி உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்ல விடாமல் செய்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். அப்புறம், அப்னா கர் என்ற பெயரில் பெட்ரோல் பங்குகளில் டிரைவர்களுக்குப் படுக்கையும் குளியலறையும் தருகிற திட்டம் ஒன்று நாட்டில் இருக்கிறது. சேலத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் நெடுஞ்சாலை போகிறது, இங்கே அப்படிப்பட்ட இடங்கள் நிறைய வர வேண்டும், வந்திருப்பவை எங்கே என்று தமிழிலும் இந்தியிலும் சுங்கச்சாவடியிலேயே போர்டு வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும், எங்கள் ஆபீஸ் டிரைவராகவே இருந்தாலும், லைசென்ஸ் போகட்டும். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த தடவை இதுமாதிரிச் செய்தி போடும்போது, டிரைவர் எத்தனை ரவுண்டு குடித்தார் என்பதோடு, அந்த வண்டி எந்த லோடுக்காக அங்கே நின்றது, எவ்வளவு நேரமாக நிற்க வைத்திருந்தார்கள், கடைசியாக அதை எடுக்கச் சொன்னது யார் என்பதையும் உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.