பெரிய லென்ஸ் வேண்டாம் ராசா

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

தூரத்துப் பறவையைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் பெரிய 600 எம்.எம். எஃப்/4 லென்ஸ் எனக்கு வாங்கித் தரப்போவதாக நீ அப்பாவிடம் சொன்னாயாமே. கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் வேண்டாம் ராசா. விலையை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. நீயும் இப்போது கேமராவைத் தூக்க ஆரம்பித்திருக்கிறாய், அதனால் காரணத்தை விவரமாகவே சொல்கிறேன்.

அந்த லென்ஸ் மட்டும் 3 கிலோவுக்கு மேல். அதைத் தாங்க ஒரு கனத்த டிரைபாட் வேண்டும். இரண்டையும் சுமந்துகொண்டு நான் வரப்பில் நடக்க முடியாது. அப்பா தூக்கி வருவார்தான். ஆனால் பறவை பார்க்கப் போகும்போது என் சாமானை நானே தூக்கிப் போக வேண்டும், நினைத்த இடத்தில் நிற்க வேண்டும், உட்கார வேண்டும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அதைவிடப் பெரிய காரணம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். சின்ன வயதில் உன்னை அங்கே கூட்டிப் போயிருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர், நாங்குநேரி தாலுகா. 1994-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்ததாக அறிவிப்பு வந்தது. ஆனால் அரசு அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள்தான் பறவைகளைக் காத்து வருகிறார்கள். தீபாவளிக்கு அங்கே வெடிச்சத்தம் கேட்காது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் போட்டு வளர்ப்பார்கள். பறவை எச்சம் கலந்த குளத்து மண் வயலுக்கு உரம். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் குளத்துக்குள் மட்டுமல்ல, தெருவில், வீட்டு முற்றத்து வேம்பிலேயே கூடு கட்டுகின்றன. கீழே அம்மாமார் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார்கள், மேலே குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும்.

நீ விட்டுப்போன கேனான் 1200டி கேமராவும் 55-250 எம்.எம். லென்ஸும்தான் அங்கே என் கையில் இருந்தன. தெருவில் நின்றபடியே எடுத்த படம்தான் நம் ஹாலில் மாட்டியிருப்பது. கூழைக்கடாக் குஞ்சு இரை வாங்குவதைப் பக்கத்தில் பார்த்திருக்கிறாயா? தாய் அலகைத் திறந்ததும் அதன் தொண்டைப் பைக்குள் குஞ்சு தலையை விடும், அப்புறம் கழுத்தும் உள்ளே போய்விடும். பை இப்படியும் அப்படியும் புடைக்கும். தாய் குஞ்சை விழுங்குகிறதோ என்று நமக்குப் பதறும். தலையை வெளியே எடுக்கும்போது பஞ்சு போன்ற இறகெல்லாம் நனைந்து ஒட்டியிருக்கும். இத்தனையும் அந்தச் சாதாரண லென்ஸில் விழுந்தது. 600 இருந்திருந்தால் குஞ்சின் கண் மட்டும்தான் படத்தில் இருந்திருக்கும்.

வெயில் ஏறினால் சங்குவளை நாரை கூட்டின் மேல் நின்று சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். பின்னாலிருந்து வெயில் சிறகுக்குள் ஊடுருவி வரும்போது, முதுகோரத்து ரோஜா நிற இறகுகள் தனியாக ஒளிரும். இதை எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்கு, கூட்டிவிடு. வானத்து வெளிச்சத்தைப் பார்த்துக் கேமரா ஏமாந்துபோகும், பறவை கறுத்துவிடும்.

ஒரு நாள் அங்கே ஒருவர் பெரிய லென்ஸோடு வந்தார். பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டிப் பறவைக் கூட்டத்தையே கிளப்பிவிட்டார். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. தாய்ப்பறவை எழுந்துபோனால் முட்டை வெயிலில் கிடக்கும், காக்கை காத்துக்கொண்டிருக்கும். பறக்கும் படம் வேண்டுமென்றால் சாயங்காலம் அவை இரை தேடித் திரும்பும் வரை உட்கார வேண்டியதுதான். 1/2000 நொடியில் வைத்துக்கொண்டு காத்திரு, தானாக வரும்.

சரி, தூரத்து மிருகத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்பாய். வல்லநாட்டுக்கு வருகிறேன். தூத்துக்குடி போகும் வழியில் இருக்கும் அந்தக் குன்றை 1987-இல் வெளிமானுக்காகச் சரணாலயம் ஆக்கினார்கள். வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் நாட்டின் தென்கோடி அதுதான். செம்மண்ணும் உடைமரமும்தான் எங்கும். மான் நம்மைப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான். அங்கே என் தோழியின் 150-600 லென்ஸை வாங்கிப் பார்த்தேன், அதுவே 2 கிலோ. விடிந்த புதிதில் நன்றாகத்தான் வந்தது. கொம்பின் முறுக்கை எண்ணிவிடலாம். வெயில் ஏறி மண் சூடானதும் கானல் எழும்பியது, அதற்கப்புறம் ஒரு படமும் தேறவில்லை. மானின் கால்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிந்தன. அந்தக் கானலை எந்த லென்ஸாலும் வெட்ட முடியாது. அங்கே விலை உள்ளது காலை வெளிச்சம் மட்டும்தான்.

அப்பாவின் நிக்கான் பி900 கேமராவை நீ பொம்மை என்று சிரிப்பாய். 2000 எம்.எம். வரை இழுக்கும், தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கலாம். சென்ஸார் சின்னது, மங்கின வெளிச்சத்தில் படம் புள்ளியடிக்கும், பறக்கிற பறவையை அது பிடிப்பதற்குள் பறவை போய்விடும். ஆனாலும் பொங்கலை ஒட்டி நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் எங்களுக்கு அதுதான் கை கொடுக்கிறது. 2011-இலிருந்து ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பினர் நடத்துகிறார்கள். நடுக்குளத்தில் மிதக்கும் வாத்து என்ன இனம் என்று சந்தேகம் வந்தால், பி900-இல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து எழுதிவிடுவோம். சுவரில் மாட்டும் அழகு அதற்கு வேண்டாம், வரித்தலை வாத்தின் தலையில் இரண்டு கோடு தெரிந்தால் போதும்.

ஒரே ஒரு இடத்தில் நீ சொல்வது சரி. கொல்லையில் ஆறுமணிக் குருவி வருகிறதே, அதற்கு வெளிச்சம் போதவில்லை. நீ கொண்டுவந்த கேனான் ஆர்10 கேமராவில் 100-400 லென்ஸை மாட்டினால் 400-இல் எஃப்/8தான் கிடைக்கும்; எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறையும். உன் எஃப்/4 அதைவிட நாலு பங்கு வெளிச்சம் வாங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குருவி சருகைப் புரட்டும், நாலு எட்டு தத்தும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். அடுக்களை ஜன்னலில் பயறு நிரப்பின துணிப்பையை வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்தி, அது நிற்கிற நேரத்தில் 1/30-இல் அமுக்குகிறேன். பத்தில் ஒன்று தேறும். வயிற்றடியின் சிவப்பு அப்படியே இருக்கிறது, இதோடு அனுப்பியிருக்கிறேன், பார்.

ஆர்10-இல் சத்தமில்லாத ஷட்டர் கூட்டருகில் எவ்வளவு நிம்மதி தெரியுமா! பறவை பறக்கும்போது மட்டும் அதைப் போடாதே, படத்தில் சிறகு வளைந்து தெரியும். கேமராவும் லென்ஸும் சேர்ந்தே 1 கிலோ சுமார்தான். இந்த வயதில் எனக்கு அதுவே போதும்.

அந்தப் பணத்தில் உனக்கும் இதே 100-400-ஐ வாங்கிக்கொள். மிச்சத்தில் தை மாதத்துக்கு டிக்கெட் போடு. அப்போது கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்தும் இருக்கும், நாரைகளும் கூடு கட்டிக்கொண்டிருக்கும். கணக்கெடுப்புக்கு உன் பெயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதனால் தேதியைச் சீக்கிரம் சொல். வரும்போது ஆர்10-க்கு இன்னொரு பேட்டரி வாங்கி வா, இருப்பது மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.

அன்புடன்,
அம்மா