அந்தர காந்தாரத்துக்கு ஏன் சிவப்பு? சுருதி காட்டும் செயலி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கர்நாடக சங்கீதம் பழக என்று வரும் பல செயலிகளில், பிள்ளை தம்புராவோடு ஒட்டி அந்தர காந்தாரத்தில், அதாவது ‘க’ சுரத்தின் உயர்ந்த வகையில், நின்றால் சுருதி காட்டும் முள் இடப்பக்கம் சாய்ந்து சிவப்பு எரிகிறது. கொஞ்சம் ஏற்றி, அதாவது சுருதி விலகிப் பாடினால் பச்சை. நான் பாட்டு சொல்லித் தருகிறவள். காதை விட்டுவிட்டு முள்ளை நம்பத் தொடங்கிய பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு.

காரணம் உங்களுக்கே தெரியும், கீபோர்டின் 12 சம பங்கை அப்படியே அளவுகோலாக வைத்துவிட்டீர்கள். ஒரு ஸ்தாயி, அதாவது கீழ் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை, 1200 சென்ட் (சுர இடைவெளியை அளக்கும் அலகு), பங்குக்கு 100. பஞ்சமத்துக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. சட்ஜத்தின் அதிர்வெண்ணில் 3/2 மடங்கான சுத்தப் பஞ்சமம் 702, கீபோர்டில் 700, யார் காதையும் உறுத்தாது. காந்தாரத்தில்தான் சிக்கல். 5/4 என்றால் 386, கீபோர்டிலோ 400. சட்ஜத்தை 240 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் 5/4 காந்தாரம் 300, கீபோர்டுக் காந்தாரம் 302.4. இரண்டு ஹெர்ட்ஸ்தானே என்று தோன்றும், ஆனால் சட்ஜத்தின் ஐந்தாவது சீரிசை (சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் அதன் ஐந்து மடங்கு அதிர்வெண்) 1200இலும் இந்தக் காந்தாரத்தின் நான்காவது சீரிசை 1209.5இலும் விழுந்து, வினாடிக்கு ஒன்பது பத்து விம்மல் அடிக்கும், அதாவது ஒலி அத்தனை முறை ஏறி இறங்கும். பஞ்சமத்தில் அது வினாடிக்கு ஒன்றுகூட வராது. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் தானாகக் கேட்கிற காந்தாரம் இந்த 5/4தான்.

கீபோர்டின் மேல் எனக்குக் கோபமில்லை. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும், பாட்டின் நடுவிலேயே ஆதாரத்தை மாற்ற வேண்டும் என்கிற இசைக்கு அந்த 14 சென்ட் நியாயமான விலை. ஒரே சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு பாடுகிற பிள்ளை எதற்கு அந்த விலையைக் கொடுக்க வேண்டும்?

பங்கைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், ஸ்தாயியைச் சமமாக 24 சுருதிகளாகப் பிரிக்க வேண்டும் என்று வாதாடினார். அவர் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஆனால் 24 ஆக்கினாலும் காந்தாரம் அதே 400இல்தான் நிற்கும். 19 பங்கில் 6/5 காந்தாரம், அதாவது அந்தர காந்தாரத்துக்குக் கீழே உள்ள சாதாரண காந்தாரம், அச்சாக வரும், பஞ்சமம் 7 சென்ட் இறங்கிவிடும். டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 17ஆம் நூற்றாண்டில் கணக்கிட்ட 31 பங்கில் அந்தர காந்தாரம் ஒரு சென்ட்கூடப் பிசகாது, பஞ்சமம் 5 சென்ட் குறையும். இரண்டையும் காப்பாற்றுவது 53 பங்கு: பஞ்சமம் 0.1 சென்டுக்குள், காந்தாரம் ஒன்றரைக்குள். ஸ்தாயிக்கு 53 கட்டை வைத்து வாசிக்க யாரால் முடியும், அது வேறு கதை. உங்கள் செயலியில் கட்டையே இல்லையே, 5/4 என்று நேராகவே எழுதலாம்.

இன்னொன்று, கமகத்தோடு, அதாவது அசைத்துப் பாடும்படி, வரும் சுரத்துக்கு ஒற்றைப் புள்ளி வைத்து மதிப்பெண் போடாதீர்கள். சங்கராபரண ராகத்தின் காந்தாரம் மாதிரி அசையாமல் நிற்கும் இடங்களில் மட்டும் முள்ளைக் காட்டுங்கள், அதுவும் பாடுகிறவர் வைத்த சட்ஜத்திலிருந்து கணக்கிட்டு. கீபோர்டோடு மெல்லிசை பாடுகிறவர்களுக்குப் பழைய அளவும் தெரிவாக இருக்கட்டும், ஆனால் கர்நாடகம் என்று பெயர் போட்ட பக்கத்தில் முதலில் திறப்பது தம்புராவின் அளவாக இருக்க வேண்டும். மாற்ற வேண்டியது பன்னிரண்டு எண்கள், அடுத்த பதிப்பிலேயே செய்துவிடலாம்.