பின்னமும் தசமமும்: போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போட்டித் தேர்வுப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பின்னம், தசமம் பகுதியில் சென்ற வாரம் ஒரு மாதிரித் தேர்வு வைத்தோம். விடைத்தாள் இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும். "பள்ளித் தேர்வில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளை, இதில் மட்டும் ஏன் இப்படி?" என்று சிலர் கேட்டீர்கள். எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

பள்ளித் தேர்வில் வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு. கடைசி வரியில் சறுக்கினாலும் பாதியாவது கிடைக்கும். போட்டித் தேர்வில் அந்தப் பேச்சே இல்லை. நான்கு விடைகள், ஒன்றுதான் சரி. மற்ற மூன்றையும் வினாத்தாள் தயாரிப்பவர்கள் ஏனோதானோவென்று போடுவதில்லை. பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்று யோசித்து, அந்தத் தவறில் வரும் எண்ணையே ஒரு விடையாக வைப்பார்கள். 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டால், 2/5 பெரும்பாலும் அங்கே காத்திருக்கும். தொகுதியோடு (மேலே உள்ள எண்) தொகுதி, பகுதியோடு (கீழே உள்ள எண்) பகுதி என்று கூட்டினால் வருவது அதுதான். தனக்கு வந்த விடை தாளிலும் இருக்கிறதே என்ற தைரியத்தில் பிள்ளை வட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது.

2/5 என்பது அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைவாக எப்படி வரும்? இதைக் கேட்க மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) தெரிந்திருக்க வேண்டியதில்லை. விடையின் அளவு என்னவாக இருக்கும் என்று முதலில் ஒரு குத்துமதிப்புப் போட்டுவிட்டு, அப்புறம் கணக்கில் இறங்கும் பழக்கம் வந்தால் போதும். எங்கள் பயிற்சியின் முதல் கட்டம் முழுக்க இதற்காகத்தான்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. 1978இல் அமெரிக்காவில் நடந்த தேசியக் கற்றல் மதிப்பீட்டில், 12/13 + 7/8 என்பதன் விடை 1, 2, 19, 21 ஆகியவற்றில் எதற்கு அருகில் வரும் என்று 13 வயது மாணவர்களிடம் கேட்டார்கள். இரண்டு பின்னங்களுமே கிட்டத்தட்ட 1. ஆகவே விடை 2. அதைச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். 19ஐயும் 21ஐயும் தேர்ந்தெடுத்தவர்களே அதிகம்: ஒன்று தொகுதிகளின் கூடுதல், மற்றது பகுதிகளின் கூடுதல்.

தசமத்தில் வேறு மாதிரி குழப்பம். 0.35, 0.8 இரண்டில் எது பெரியது என்றால், 35 பெரியதுதானே என்று 0.35ஐச் சொல்கிறார்கள். இதில் வீட்டுப் பேச்சுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. "புள்ளி முப்பத்தைந்து" என்று படித்தால் காதில் விழுவது முப்பத்தைந்துதான். "புள்ளி மூன்று ஐந்து" என்று ஒவ்வோர் இலக்கமாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். ஒப்பிடும்போது 0.8ஐ 0.80 என்று எழுதிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. அதேபோல, பெருக்கினால் எப்போதும் கூடும், வகுத்தால் எப்போதும் குறையும் என்ற நம்பிக்கை முழு எண்கள் படித்த காலத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது. 0.4 × 0.3 என்பது 0.12. 6 ÷ 0.5 என்பது 12. இரண்டிலும் பிள்ளைகள் தங்கள் விடையையே நம்ப மறுத்து, புள்ளியை நகர்த்திவிடுகிறார்கள்.

மாதிரித் தேர்வில் அதிகம் பேர் தவறவிட்ட கேள்வி இது. ஒருவர் ஒரு புத்தகத்தில் 1/3 பங்கை முதல் நாளும், மீதியில் 1/4 பங்கை இரண்டாம் நாளும் படித்தார். இன்னும் 90 பக்கங்கள் உள்ளன. புத்தகத்தில் மொத்தம் எத்தனை பக்கம்? பலர் 1/3ஐயும் 1/4ஐயும் கூட்டி 7/12 என்றார்கள். மீதி 5/12, அது 90 என்றால் மொத்தம் 216. முழு எண்ணாக வேறு வந்துவிட்டது, விடைகளிலும் அது இருந்தது. 'மீதியில்' என்ற சொல்லைக் கண் தாண்டிப் போய்விட்டது, அவ்வளவுதான். ஒரு நீளமான பட்டை வரைந்து மூன்றாகப் பிரித்து ஒன்றை அடித்துவிட்டால், இரண்டு கட்டங்கள் எஞ்சும். அந்த இரண்டையும் நான்கு சம பங்காக்கி ஒன்றை அடித்தால், எஞ்சுவது முழுப் பட்டையில் சரிபாதி. அது 90 என்றால் மொத்தம் 180. வகுப்பில் இதை வரையச் சொன்னபோது, சமன்பாடு எழுதித் தடுமாறியவர்கள்கூடச் சட்டென்று சொல்லிவிட்டார்கள். படம் வரைவது சின்னப் பிள்ளைகள் வேலை என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

குறுக்குவழிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் அவற்றுக்கு எதிரி இல்லை. 3/7, 5/11 இரண்டையும் ஒப்பிடக் குறுக்குப் பெருக்கல் நல்ல வழி: 3 × 11 = 33, 5 × 7 = 35, ஆகவே 5/11 பெரியது. இரண்டுக்கும் பகுதி 77 ஆகும்போது வரும் தொகுதிகள்தான் அவை என்று தெரிந்து செய்தால் மறக்காது. ஆனால் 4/9, 5/8, 7/15, 3/7 ஆகியவற்றில் எது பெரியது என்ற கேள்விக்கும் சிலர் குறுக்குப் பெருக்கலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அரையைத் தாண்டியது 5/8 ஒன்றுதான். பேனாவே வேண்டாம்.

மனப்பாடம் செய்ய வேண்டியதும் உண்டு, அதில் சமரசம் இல்லை. 1/8 என்றால் 0.125, 3/8 என்றால் 0.375, 5/8 என்றால் 0.625, 7/8 என்றால் 0.875. இவை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். 0.375 × 48 என்று கேட்டால், 48இல் எட்டில் ஒன்று 6, அதில் மூன்று பங்கு 18 என்று முடிந்துவிடும். புள்ளி வைத்துப் பெருக்கிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் இரண்டு கேள்விகள் போய்விடும். எந்தப் பின்னம் முடிவுறு தசமம் (புள்ளிக்குப் பின் இலக்கங்கள் ஓரிடத்தில் நின்றுவிடுவது) ஆகும் என்பதும் அடிக்கடி வருகிறது. பகுதியின் பகாக் காரணிகள் 2, 5 மட்டும் என்றால் முடியும். வேறு காரணி இருந்தால் முடியாது. சுருக்கிய பிறகுதான் பார்க்க வேண்டும்: 12ஐப் பார்த்ததும் 3/12ஐ ஒதுக்கிவிடுகிறார்கள், அது 1/4தான்.

இனி வீட்டில் நடக்க வேண்டியது. இப்போதைக்குக் கடிகாரம் வைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டாம். வேகம் அடுத்த கட்டத்தில் வரும். அப்போது நாங்களே நேரம் வைத்துத் தேர்வு நடத்துவோம். புதிய வழிகாட்டி நூல்களும் வாங்க வேண்டாம், கையில் இருப்பதை முடித்தாலே நிறைய. பிள்ளை ஒரு கணக்கைக் காட்டினால், விடை சரியா என்று பார்ப்பதற்கு முன் "இது அரையைவிடக் கூடவா, குறைவா?" அல்லது "ஒன்றைத் தாண்டுமா?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு வராது என்றாலும் பரவாயில்லை, பதில் சொல்ல வேண்டியது பிள்ளைதான்.

ஒவ்வொருவருக்கும் தவறுகளுக்கென்று தனி நோட்டு கொடுத்திருக்கிறோம். இடப்பக்கம் தவறிய கணக்கு, வலப்பக்கம் ஏன் தவறியது என்று ஒரே ஒரு வரி. 'கவனக்குறைவு' என்று எழுதினால் ஏற்க மாட்டோம். 'மீதியில் என்பதை விட்டுவிட்டேன்' என்பது போல இருக்க வேண்டும். அந்த நோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பக்கங்கள் நிறைந்திருப்பதைப் பார்த்துத் திட்டாதீர்கள். திட்டு விழும் என்றால் அடுத்த வாரம் நோட்டு காலியாகத்தான் வரும், எங்களுக்கும் எதைத் திருத்துவதென்று தெரியாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்