அந்த ஒரு வரியை ஏன் விட்டீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் க்ளோரியா அன்சால்துவா பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கக் கவிஞர், பெண்ணியவாதி என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அவர் ஒரு லெஸ்பியன் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அதை விட்டுவிட்டால் மற்றதும் புரியாதே!

1942இல் டெக்சஸின் தென்கோடியில் பிறந்தவர். பள்ளி இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்கு விரல் முட்டியில் ஸ்கேலால் அடி. வீட்டிலோ, வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய் என்று அம்மா. எங்கள் ஆச்சியும் இதையேதான் சொல்வார். சிறுமி அன்சால்துவா இரவில் போர்வைக்குள் டார்ச் அடித்துப் புத்தகம் படிப்பார். பக்கத்தில் படுத்திருக்கும் தங்கை, அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவாள். அவளுக்கு ஒரு கதை சொல்லித்தான் சமாளிக்க வேண்டும். எழுத்தாளர் உருவானது அந்தப் போர்வைக்குள்தான் என்பேன்.

அப்பா இறந்த பிறகும் வயலில் வேலை செய்துகொண்டே படித்தார். சரி, பெண்ணிய இயக்கத்திலாவது அவருக்கு இடம் கிடைத்ததா? 1979இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே நடந்த ஒரு பெண்கள் முகாமில், கல்யாண வீட்டுக்கு வந்த ஏழைச் சொந்தக்காரியைப் போல உணரவைத்தார்கள். அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினரின் உரிமைக்குப் போராடிய சிகானோ இயக்கம் அவருடைய சொந்த மக்களுடையது; அங்கேயோ ஆண்கள் வைத்ததே சட்டம். பெண்ணை நேசிக்கும் பெண் அங்கே எங்கே போய் நிற்பாள்? அந்த வலியில்தான், தன்னைப் போலவே லெஸ்பியனான செரீ மொராகாவோடு சேர்ந்து, வெள்ளையரல்லாத பெண்களின் எழுத்தைத் திரட்டி 1981இல் நூலாகக் கொண்டுவந்தார். இனம், பால் என்று பல ஒடுக்குமுறைகள் ஒருவர் மீதே பின்னிப் பிணைந்து விழுவதைக் குறிக்க, நீங்கள் விளக்கிய ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற சொல்லை அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல்தான் தந்தார். சொல் வருவதற்கு முன்பே இந்தப் பெண்கள் அதை வாழ்ந்துவிட்டார்கள்.

அன்சால்துவா பாடம் நடத்திய கல்லூரியில் ஒரு மாணவி, ஒருபாலின ஈர்ப்புள்ளவர்கள் மீதான வெறுப்பைக் குறிக்கும் ‘ஹோமோஃபோபியா’ என்ற சொல்லுக்கு, வீட்டுக்குத் திரும்பப் பயப்படுவது என்று பொருள் நினைத்திருந்தாளாம். ஆங்கிலத்தில் ‘ஹோம்’ வீடு அல்லவா? எவ்வளவு பொருத்தம் என்று அன்சால்துவாவுக்குத் தோன்றியிருக்கிறது. பெற்ற தாயும் சொந்த இனமும் சேர்த்துக்கொள்ளாமல் விட்டுவிடுமோ என்ற பயம் அது.

எங்கள் ஊர் நூலகத்துக்கு உங்கள் பத்திரிகை வருகிறது. மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் பெண் பிள்ளைகள் வந்து புரட்டுகிறார்கள். வீட்டுக்குப் போகப் பயப்படுகிற ஒருத்தி அவர்களிலும் இருக்கலாம். அவள் கண்ணில் படும்படி, விட்டுப்போன அந்த ஒரு வரியை அடுத்த இதழில் போடுங்கள்.

- ஒரு வாசகி, திருநெல்வேலி