கல்யாணப் படம் யாருக்குச் சொந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்காக நீங்கள் வெளியிடும் வேலைவாய்ப்புப் பக்கத்தில் புகைப்படத் தொழிலைப் பற்றி வந்த கட்டுரையை இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து படித்தேன். எந்தக் கேமரா வாங்கலாம், எங்கே படிக்கலாம், இன்ஸ்டாகிராமில் எப்படி ஆள் பிடிக்கலாம் என்றெல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் முதலில் அடிபடுகிற இடம் அதில் இல்லை. எடுத்த படம் சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்பதுதான் அந்த இடம்.

நான் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். நிச்சயதார்த்தம், கல்யாணம், வளைகாப்பு, காவடி, கும்பாபிஷேகம் என்று எடுத்தே வீட்டுக் கடனை அடைத்தவள். சில வருடங்களுக்கு முன் ஃபீனிக்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நகைக்கடையின் பக்கச் சுவர் முழுக்க நான் எடுத்த மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்கேனி ரோடு கோயிலில் எடுத்த படம். ஹோமப் புகை அடர்த்தியாக இருந்ததால் ஃப்ளாஷ் போட முடியவில்லை. போட்டால் புகைதான் வெள்ளைச் சுவராகத் தெரியும். பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தை நம்பி, ஐயர் நகரும்வரை முழங்காலில் காத்திருந்து, மஞ்சள் கயிறு கழுத்தைத் தொட்டு இன்னும் முடிச்சு விழாத நேரத்தில் எடுத்தது. கழுத்துப் பக்கம் மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கி, கீழே தள்ளுபடி சதவீதம் போட்டிருந்தார்கள். என் பெயர் எங்கும் இல்லை.

உள்ளே போய்க் கேட்டேன். மேலாளர் ரொம்ப மரியாதையாகவே பேசினார். பெண்ணின் மாமா படத்தை அனுப்பி, "போட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுதிய மின்னஞ்சலைக் காட்டினார். பதிலுக்கு நகையில் ஏதோ குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டேன். "என்னம்மா இது, காசு கொடுத்துத்தானே எடுத்தோம்? அது எங்க படம்தானே?" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேராக ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" இல்லை என்றேன். "அப்படியானால் அந்த அம்மா சொன்னது சரி" என்றார்.

தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுக் காப்புரிமை (காபிரைட்) சட்டம், 21ஆம் பிரிவு. ஒருவர் பணம் கொடுத்தோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ ஒரு புகைப்படத்தை எடுக்கச் சொன்னால், அந்தப் படத்தின் காப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே. எடுத்தவருக்கு அல்ல. வேறு மாதிரி வேண்டுமென்றால் இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், அதற்குச் சட்டம் வழிவிடுகிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் கதை முடிந்தது. இதைத்தான் எந்தப் பயிற்சி வகுப்பும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அப்பர்ச்சர் சொன்னார்கள், ஷட்டர் சொன்னார்கள், மூன்றில் ஒரு பங்கு விதி சொன்னார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அதே 21ஆம் பிரிவில், பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் எடுத்த படத்தைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டும்தான் முதலாளிக்குப் போகிறது. மற்ற உரிமையெல்லாம் எடுத்தவரிடமே நிற்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு இருக்கிற பிடிமானம், சொந்தமாகக் கேமரா வாங்கி, சொந்தமாகக் காப்பீடு கட்டி, கல்யாண மண்டபத்தில் பத்து மணி நேரம் நிற்கிற எனக்கு இல்லை. இது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

உங்கள் வாசகர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருப்பவர்கள், இது ஏதோ வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லி எடுத்த புகைப்படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் ஸ்டுடியோ வைத்திருக்கும் எத்தனை தம்பிகளுக்கு இது தெரியுமோ.

சட்டத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பெண் தன் கல்யாணத்துக்குப் படம் எடுக்கச் சொல்கிறாள், எடுத்தவன் அதைக் காலண்டர் கம்பெனிக்கு விற்றுவிட்டால்? குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும். அது சரிதான். ஆனால் அதே விதி, பெரிய கம்பெனி ஒன்று ஒரு நாள் கூலி கொடுத்து எடுத்த படத்தை வருடக்கணக்கில் பலகை, பெட்டி, பேருந்து என்று ஒட்டிக்கொள்ளவும் வழி செய்கிறது. கல்யாண வீட்டையும் கம்பெனியையும் ஒரே தராசில் வைத்தது தவறு.

இப்போது நான் எழுத்தில் வாங்காமல் கேமராப் பையைத் திறப்பதில்லை. அதற்கும் ஒரு பாடு இருக்கிறது. பெண் வீட்டில் டீ கொடுத்து, முறுக்கு வைத்து, தேதியெல்லாம் பேசி முடித்தபின் இரண்டு பக்கத் தாளை எடுத்து நீட்டினால் முகம் மாறும். "நமக்குள்ள என்னம்மா கையெழுத்து? உங்க அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்" என்று ஒரு பெரியப்பா நிச்சயம் சொல்வார். அவரிடம் சட்டம் பேசிப் பயனில்லை. "பெரியப்பா, இது உங்க பொண்ணோட படம் கடைச் சுவருக்குப் போகாம இருக்கத்தான்" என்பேன். கையெழுத்து விழுந்துவிடும். பொய்யும் இல்லை. தாளில் இருப்பது இதுதான்: காப்புரிமை என்னிடம். வீட்டில் மாட்ட, அச்சடிக்க, சொந்தக்காரர்களுக்கு அனுப்ப, வலைத்தளத்தில் போட அவர்களுக்கு முழு அனுமதி. வியாபாரத்துக்கு யார் கேட்டாலும் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும், நானும் அவர்களைக் கேட்காமல் என் விளம்பரத்தில் போட மாட்டேன். முன்பணம் எவ்வளவு, தேதி தள்ளிப்போனால் என்ன, ஆல்பம் எப்போது என்பதெல்லாம் அதற்குக் கீழே.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தத் தொழிலில் நாள்கூலியை மட்டும் நம்பி வாழ முடியாது, படத்தின் உரிமையும் சோறு போட வேண்டும். நம் பஞ்சாங்கமே இடம் கொடுக்காது. ஆடியில் கல்யாணம் இல்லை, கூழ் ஊற்றும் படங்கள்தான். புரட்டாசியில் இங்கே வீட்டுக்கு வீடு விரதம். ஊரெல்லாம் விடுமுறையில் இருக்கும் டிசம்பர் பாதியில் மார்கழி பிறந்துவிடும். மிச்ச மாதங்களிலும் முகூர்த்தம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான், ஒரு ஞாயிற்றுக்கு ஒரு கல்யாணம்தான் எடுக்க முடியும். காப்பீட்டுக்காரரும் வங்கியும் ஆடியா மார்கழியா என்று பார்ப்பதில்லை. வருமான வரிக்கு ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும். ஆகஸ்ட் என்றால் ஆடி முடிந்து கை காய்ந்திருக்கும் நேரம். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் ஒரு நல்ல 70-200 லென்ஸ் வாங்க எனக்கு இரண்டு கல்யாணத்துக் காசு போகும். அதில் 15 சதவீதம் மதிப்புக்கூட்டு வரியும் அடக்கம்.

வாங்கிய லென்ஸைக் காப்பாற்றுவது தனிப் பாடு. டர்பன் கடற்கரை ஊர், கோடையில் காற்றே ஈரம். பையிலேயே வைத்து இரண்டு மாதம் மறந்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் பூஞ்சை மெல்லிய இழைகளாகக் கிளை விட்டிருக்கும். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். தைப்பூசத்துக்குப் போய் வந்தால் பாலும் மஞ்சள் தண்ணீரும் விபூதியும் பட்டன் இடுக்கெல்லாம் இறங்கியிருக்கும். நான் அன்றிரவே மெல்லிய தூரிகையால் தட்டி, ஈரம் அண்டாத பெட்டியில் வைத்துவிடுவேன். உங்கள் கட்டுரையில் கேமரா விலை இருந்தது, பெட்டி விலை இல்லை.

ட்ரோன் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுரையாளர் ட்ரோன் வாங்கினால் கூடுதல் வருமானம் என்று எழுதியிருந்தார். இங்கே பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுவது வேறு, காசு வாங்கிப் பறக்கவிடுவது வேறு. காசு என்றால் இயக்குபவருக்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் வேண்டும், நடத்தும் நிறுவனத்துக்குத் தனியாக இயக்கச் சான்றிதழ் வேண்டும். தனி அனுமதி இல்லாமல் விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறக்கவிட முடியாது, ஆட்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். டர்பன் வடக்கில் வர்ஜீனியா விமான நிலையம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற உம்லாங்காவில் கடல் தெரிகிற மண்டபத்தைப் பிடித்துவிட்டு "மேலிருந்து ஒரு ஷாட் மட்டும், அக்கா" என்று கேட்கும் மாப்பிள்ளைகளிடம் இதை விளக்கியே எனக்கு வாய் வலிக்கிறது. நான் உரிமம் உள்ள ஒருவரை அமர்த்துகிறேன், அவருடைய கட்டணத்தைத் தனியாகவே காட்டுகிறேன்.

புகழ் பற்றியும் கட்டுரையில் நிறைய இருந்ததால் இங்கத்திய புகைப்படக் கலைஞர் ரஞ்சித் காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1925இல் இசிபிங்கோவில் பிறந்தவர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, பழைய பொருள் விற்பனையில் ஆறு பென்னிக்கு வாங்கிய கோடாக் கேமராவில் கற்றுக்கொண்டவர். 1956இல் டிரம் பத்திரிகையில் சேர்ந்தார். விடுதலைப் போராட்டத் தலைவர்களான லுதுலியையும் மண்டேலாவையும் எடுத்தார். நம் ஊர் இந்தியர்களின் தெருக்களையும் வீடுகளையும் எடுத்தார். அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது 2004இல். அப்போது அவருக்கு 79 வயது. 2017இல் காலமானார். அவ்வளவு பெரிய கைக்கே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. ஆறு மாதத்தில் ஐம்பதாயிரம் பேர் பின்தொடர்வார்கள் என்று பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கோயில் கமிட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. திருவிழாவை இலவசமாக எடுத்துக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, அது சாமிக்கு. இலவசமாகக் கொடுத்த படம் என்பதால் 21ஆம் பிரிவின் அந்த விதி அங்கே வராது, காப்புரிமை எடுத்தவரிடமே இருக்கிறது. ஆகவே அடுத்த வருடச் சுவரொட்டியிலும், நன்கொடை கொடுத்த கடையின் விளம்பரத்திலும் அதைப் போடுவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள். பெயரையும் போடுங்கள். உரிமையை விற்றுவிட்டாலும்கூட எடுத்தவர் தன் பெயரைக் கேட்கும் உரிமை 20ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது.

ஆசிரியரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தத் தொழிலைப் பற்றி எழுதும்போது, கேமரா படம் போடுகிற இடத்தில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் போடுங்கள். நான் பயன்படுத்துவதை, வாடிக்கையாளர் விவரங்களை நீக்கி, உங்களுக்கு அனுப்பத் தயார். அது தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்கு எழுதியது. இந்தியச் சட்டத்துக்கு ஏற்றபடி உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவர் திருத்திக் கொடுத்தால் போதும், அரைப் பக்கத்துக்கு மேல் வராது.

இப்படிக்கு,
கல்யாணப் புகைப்படக்காரி ஒருத்தி
சாட்ஸ்வொர்த், டர்பன்
(பெயர் வெளியிட வேண்டாம்)