சாலமிஸில் துடுப்பு வலித்தவர்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீ மறுபடியும் கல்வெட்டுப் படிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய் என்று அறிந்து பெரும் நிம்மதி அடைந்தேன். இங்கே அனைவரும் நலம்.

தெர்மோபிலே கணவாயில் லியோனிடாசும் அவனுடைய 300 ஸ்பார்ட்டா வீரர்களும் உயிர் கொடுத்ததால்தான் கிரேக்கம் பிழைத்தது என்று எழுதியிருந்தாய். அவர்களுடைய வீரத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கணவாய் வீழ்ந்தது. கிரேக்கத்தின் மீது படையெடுத்து வந்த பாரசீகப் பேரரசன் செர்க்சஸின் படை தெற்கே இறங்கி ஏதென்ஸைக் கொளுத்தியது. கிரேக்கம் பிழைத்தது அதே கி.மு. 480இல் ஏதென்ஸை அடுத்த சாலமிஸ் நீரிணையில் நடந்த கடற்போரில்தான் என்பதும், பிழைக்க வைத்தவர்கள் ஏதென்ஸின் ஏழை மக்கள் என்பதும் நெடுநாளாக என் எண்ணம்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியம் சுரங்கத்தில் வெள்ளி ஏராளமாகக் கிடைத்தபோது, ஆளுக்குப் பத்து திராக்மா (கிரேக்க வெள்ளி நாணயம்) வீதம் ஊரார் பங்கிட்டுக்கொள்வதாக இருந்தார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் அதைத் தடுத்து, அண்டைத் தீவான ஈஜினாவோடு இருந்த பகையைக் காரணம் காட்டி, அந்தப் பணத்தில் போர்க்கப்பல் கட்டச் செய்தார். கைக்கு வரவிருந்த காசை வேண்டாமென்று மக்கள் விட்டுக்கொடுத்தார்களே, அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்த வெள்ளியை வெட்டியெடுத்த அடிமைகளுக்கு எந்தப் பங்கும் பேசப்படவில்லை என்பதும் உறுத்துகிறது.

மூன்று அடுக்காக 170 பேர் துடுப்பு வலிக்கும் கப்பல் அது. கீழடுக்கில் இருப்பவனுக்குக் கடலே தெரியாது. கேடயமும் கவசமும் சொந்தமாக வாங்க வசதியுள்ளவனே தரைப்படை அணியில் நிற்க முடிந்த ஊரில், ஒன்றுமில்லாதவனுக்கு இந்தத் துடுப்புதான் போரில் இடம் கொடுத்தது.

கிரேக்கர்கள் தப்பியோடப் போவதாகத் தெமிஸ்டோக்ளிஸ் தம் அடிமை சிக்கின்னஸ் மூலம் எதிரிக்குச் சொல்லி அனுப்பிய கதையை நீ அறிவாய். அதை நம்பிய பாரசீகக் கப்பல்கள் இரவெல்லாம் வழிமறித்துக் காத்திருந்து, களைத்துப்போய் விடியலில் நீரிணைக்குள் நுழைந்தன. எண்ணிக்கையே அவற்றுக்கு எமனாயிற்று: முன்னால் சென்றவை திரும்ப முயல, பின்னால் வந்தவை முட்டி மோதின. ஃபினீசியர், எகிப்தியர், அயோனியக் கிரேக்கர் எனப் பேரரசின் பல நாட்டாரும் அக்கப்பல்களில் இருந்தார்கள். நீந்தத் தெரியாமல் மூழ்கியவர்கள் ஏராளம். மறு ஆண்டு பிளாட்டியா என்ற ஊரருகே கிரேக்கரின் தரைப்படை மீதி வேலையை முடித்தது.

இதில் என் மனத்தைத் தொட்டது ட்ரோய்சென் என்ற சிற்றூர். பாரசீகப் படைக்குத் தப்பி ஏதென்ஸிலிருந்து அடைக்கலம் வந்த குடும்பங்களுக்கு நாளுக்கு இரண்டு ஓபோல் என்ற சிறு நாணயம் கொடுத்து, பிள்ளைகள் எந்தத் தோட்டத்திலும் பழம் பறித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்து, அவர்களுக்கு ஆசிரியர் சம்பளமும் ஊர்ச்செலவிலேயே தர அவ்வூரார் தீர்மானித்ததாகப் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

ஊரைவிட்டு வெளியேறச் சொல்லும் தெமிஸ்டோக்ளிஸின் ஆணை பொறித்த கல் ஒன்று அந்த ட்ரோய்செனிலேயே கிடைத்து, 1959இல் அறிஞர் பார்வைக்கு வந்தது. எழுத்தமைதியோ கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆகவே அது பழைய ஆணையின் படியா, பிற்காலத்தார் புனைந்ததா என்று இன்றும் வாதிடுகிறார்கள். மூலத்துக்கும் படிக்கும் வேறுபாடு காண்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நீ. கண் முழுமையாகத் தேறியதும் அதைப் படித்துப் பார்த்து உன் கருத்தை எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்